நிதி திரட்ட ஸ்பின் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நியூயார்க்கில் 2007-ல் ஜெனிஃபர் குட்மன் லின் என்ற புற்றுநோயாளியும் அவர் கணவரும் தொடங்கியது சைக்கிள் ஃபார் சர்வைவல் என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சி. ஈக்வினாக்ஸ் ஜிம்களில் வரிசையாக ஸ்பின் சைக்கிள்கள் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்கள்), காதைப் பிளக்கும் பாட்டு, ஒரு அணிக்கு ஒரு சைக்கிள், அதை நாலு முதல் எட்டுப் பேர் வரை மாறி மாறி மிதிக்க வேண்டும். மிதிப்பவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சேர்க்கும் பணம் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் நடக்கும் அரிய புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாமே அந்த அரிய வகைக்குள்தான் வரும், அதனால் பிள்ளைகளை நினைத்தே சேர்கிறவர்கள் நிறைய.

சேருகிறவர்கள் கவலைப்படுவது முழுக்க மிதிப்பதைப் பற்றித்தான். உண்மையில் கஷ்டமான வேலை பணம் கேட்பது. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டு, நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நன்கொடைப் பக்கத்தின் லிங்க்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நாலு கைகூப்பும் படமும் இரண்டு "வாழ்த்துகள்" செய்தியும்தான் வரும். குழுவில் கேட்டால் யாரையும் கேட்ட மாதிரி ஆகாது, அடுத்தவர் கொடுப்பார் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். பேர் சொல்லி, ஆளுக்கு ஒரு செய்தி, இவ்வளவு கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று தொகையும் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் பணம் அந்தப் பக்கத்தில் ஏறியிருக்கட்டும், பூஜ்யம் என்று காட்டும் பக்கத்தில் முதல் ஆளாகப் போட யாருக்கும் கை வராது.

அப்புறம், "எனக்கே ஸெல்லில் (Zelle, பணம் அனுப்பும் சேவை) அனுப்பிவிடுங்கள், நான் மொத்தமாகக் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். ரசீது உங்கள் பேரில் வரும், கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க முடியாது. அமெரிக்காவில் ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் அறக்கட்டளை எழுத்தில் தரும் ஒப்புகை இருந்தே ஆக வேண்டும், வங்கிக் கணக்கில் கழிந்ததைக் காட்டுவது போதாது. இன்னொன்று, பல கம்பெனிகள் ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாகத் தாங்களும் கொடுக்கின்றன, ஆனால் அதற்குக் கொடுத்தவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், கெடுவும் உண்டு. நன்றி சொல்லும்போதே இதையும் நினைவுபடுத்திவிடுங்கள், பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, மிதிப்பதற்கு வருவோம். சீட்டை முதலில் சரி செய்யுங்கள்: சைக்கிள் பக்கத்தில் நின்றால் சீட் உங்கள் இடுப்பெலும்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும், அவசரத்தில் முந்தினவர் உயரத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டு மறுநாள் முட்டி வலி என்பார்கள். பெரும்பாலான ஸ்பின் சைக்கிள்களில் நீங்கள் காலை நிறுத்தினாலும் பெடல் நிற்காது, கனமான சக்கரம் காலை இழுத்துக்கொண்டே போகும். நிறுத்த, மிதிக்கும் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் குமிழைக் கீழே அழுத்த வேண்டும். ஏறுவதற்கு முன்னாலேயே அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு, ஸ்பின் வகுப்புக்கே போகாதவர் அன்றைக்கு முதல் தடவையாக ஏறி, கூட்டத்தின் சத்தத்தில் முழு வேகத்தில் மிதிப்பது. முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு தொடைத் தசை சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். சிதைந்த தசையிலிருந்து வரும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது தெம்பில்லாதவர்களுக்கு மட்டும் வருவதல்ல, வேறு உடற்பயிற்சி செய்கிற இளைஞர்களுக்கும் வரும். ஓரிரு நாளில் தொடை வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். அதனால் சில வாரங்களுக்கு முன்பே லேசான ரெசிஸ்டன்ஸில் (மிதிக்கும் கனத்தில்) பழக ஆரம்பியுங்கள், அணியில் ஒருவர் வராமல் போனால் அவருடைய முறையையும் புது ஆள் தலையில் கட்டாதீர்கள். நாலு பேர் போதும் என்று கஞ்சத்தனம் பார்க்காமல் ஆறு ஏழு பேரைச் சேர்ப்பது இதற்காகத்தான், கூட வருகிற ஒவ்வொருவரும் இன்னொரு வட்டத்தில் பணம் கேட்பார் என்பது வேறு லாபம்.

தண்ணீர், துண்டு, மாற்றுச் சட்டை இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. காற்றே வராத அறையில் அத்தனை பேர் மிதிக்கும்போது வியர்வை ஊற்றும், அவ்வளவுதான்.

முடிந்த அன்றோடு கடையை மூடுகிறவர்களும் உண்டு. "பார்க்கலாம்" என்று சொன்னவர்களுக்கு மறுநாள் வியர்த்து வழியும் உங்கள் படத்தை அனுப்பி இன்னொரு தடவை கேளுங்கள், முன்னால் நழுவினவர்களில் சிலர் அப்போது கொடுப்பார்கள்.