நீங்கள் ஏறிய விமானம் இப்போது எங்கே? தேடிக் கண்டுபிடிக்கும் முறை

மண்ணடியில் டிக்கெட் போட்டு குவைத்துக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த டிக்கெட்டும், மீனம்பாக்கத்தில் நின்று எடுத்த போட்டோவும் பீரோவில் கிடக்கிறதா? அந்த விமானம் இன்னும் பறக்கிறதா, உடைக்கப்பட்டதா என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துகொள்ளலாம். பயிற்சி எடுத்து விமானம் ஓட்டியவர்களுக்கு இன்னும் சுலபம். லாக்புக்கில் ஒவ்வொரு பறத்தலுக்கும் பக்கத்திலேயே விமானத்தின் பதிவெழுத்து இருக்கும்.

முதலில் மூன்று எண்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஃப்ளைட் நம்பர் என்பது டோல்கேட்டில் ஏறும் 6டி மாதிரி. அது தடம்தான், அன்றைக்கு ஓடிய பஸ் எது என்பது அதில் தெரியாது. பதிவெழுத்து நம்பர் பிளேட் மாதிரி. இந்திய விமானத்துக்கு விடி என்று தொடங்கி மூன்று எழுத்து வரும். சிங்கப்பூருக்கு 9வி, இலங்கைக்கு 4ஆர், அமீரகத்துக்கு ஏ6. விமானம் நாடு மாறி விற்கப்பட்டால் இதுவும் மாறிவிடும். மாறாதது தயாரிப்பு வரிசை எண் ஒன்றுதான், வண்டிக்கு சேசிஸ் நம்பர் போல. தேடலில் பிடிக்க வேண்டியது இதைத்தான்.

பதிவெழுத்தைப் பிடிப்பது

போட்டோவில் மூன்று இடம் பாருங்கள்: உடலின் பின்பகுதியில் வாலுக்குச் சற்று முன்னால், இறக்கையின் அடிப்பக்கம், முன்சக்கரத்தை மூடும் கதவு. கதவில் பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று எழுத்துதான் இருக்கும். ஆனால் கம்பெனி தெரிந்தால் அதுவே போதும். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்காதீர்கள், எழுத்து கரைந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐயில் ஸ்கேன் போடச் சொல்லுங்கள். ஏர் இந்தியாவின் பழைய ஜம்போ (போயிங் 747) என்றால் மூக்குப் பக்கம் பெயர் எழுதியிருக்கும். ‘எம்பரர் அசோகா’ என்று தெரிந்தால் அது விடி-ஈபிடி (VT-EBD). எழுத்தே தெரியாவிட்டாலும் பெயரை வைத்துப் பிடித்துவிடலாம்.

போர்டிங் பாஸை லேமினேஷன் போடவே போடாதீர்கள். அது பெரும்பாலும் சூட்டில் கருக்கும் தாள். லேமினேஷன் சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துவிடும், திரும்ப வராது. முதலில் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பாஸில் தேதியும் மாதமும் இருக்கும், ஆண்டு பல சமயம் இருக்காது. பாஸ்போர்ட்டில் இமிக்ரேஷன் முத்திரையைப் பார்த்து ஆண்டை எழுதிக்கொள்ளுங்கள்.

படமும் இல்லை, ஃப்ளைட் நம்பரும் தேதியும் மட்டும்தான் இருக்கிறது என்றால், சமீப ஆண்டுப் பயணத்துக்கு ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் பார்க்கலாம். இலவசக் கணக்கில் மிகக் குறைந்த நாள்களின் வரலாறுதான் கிடைக்கும், பழசுக்குக் காசு கட்ட வேண்டும். 1980, 90களின் பயணத்துக்கு அங்கே எதுவும் கிடைக்காது. போட்டோவும் லாக்புக்கும்தான் கதி.

தேடுவது

பிளேன்ஸ்பாட்டர்ஸ் அல்லது ஏர்ஃப்ளீட்ஸ் தளத்தில் பதிவெழுத்தை அடியுங்கள். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று விமானம் வந்தால் பயப்பட வேண்டாம். பழசு போனபின் அதே எழுத்தை வேறொன்றுக்குக் கொடுப்பது உண்டு. நீங்கள் போன ஆண்டும் கம்பெனியும் எந்த வரியில் பொருந்துகிறதோ அதை எடுத்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஏர்பஸ் ஏ320 என்றோ ஏடிஆர் என்றோ மாடலையும் எழுதுங்கள். வரிசை எண் மட்டும் போட்டுத் தேடினால் வேறு கம்பெனி செய்த அதே எண் விமானம் வந்து நிற்கும்.

அந்த எண்ணைத் திறந்தால் பிறந்ததிலிருந்து கைமாறிய வரலாறு முழுக்க வரும். உதாரணத்துக்கு, ஏர் இந்தியாவின் போயிங் 777-200எல்ஆர் விமானங்களில் ஐந்து அமீரகத்தின் எத்திஹாட் கம்பெனிக்குப் போனதும் விடி-ஏஎல் எழுத்துகள் ஏ6-எல்ஆர் ஆகிவிட்டன. பழைய எழுத்தோடு நின்றிருந்தால் ‘காணோம்’ என்று விட்டிருப்பீர்கள்.

ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். விடி-ஈபிஎன் (VT-EPN) 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் விழுந்த ஏ320. நீங்கள் 1992இல் போனீர்கள், போட்டோவில் ஈபிஎன் என்று தெரிகிறது என்றால், படித்ததுதான் தப்பு. அது ஈபிஎம்மாகவோ ஈபிஎச்சாகவோ இருக்கலாம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுக் கழுவிய படமாக இருந்தால் எழுத்தே இடவலமாக மாறியிருக்கும். படத்தில் தெரியும் மற்ற போர்டுகளைப் பார்த்தால் அது புரிந்துவிடும்.

நிலைமை என்ன சொல்கிறது

தளத்தில் விமானத்தின் நிலைமை ‘ஸ்டோர்ட்’ என்றிருந்தால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் தெருவெல், அமெரிக்காவின் மொஹாவே, ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் எல்லாம் காற்றில் ஈரமில்லாத ஊர்கள். எண்ணூர்க் கடற்கரையில் இரும்புக் கேட் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘பார்ட்டட் அவுட்’ என்றால் புதுப்பேட்டைக் கணக்குதான்: இன்ஜின், சக்கரத் தொகுதி, காக்பிட் கருவிகள் எல்லாம் கழற்றி விற்கப்படும், மிச்ச உடலை வெட்டிவிடுவார்கள். ஏர் இந்தியாவின் ஜம்போ விடி-ஈவிஏ 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து கிளம்பி அமெரிக்காவின் பிளெயின்ஃபீல்டுக்குப் போனது இதற்குத்தான். ‘ரிட்டன் ஆஃப்’ என்று பார்த்ததும் உயிர்ச்சேதம் என்று முடிவு கட்டாதீர்கள். ரிப்பேர்ச் செலவு விமானத்தின் விலையைத் தாண்டினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். என்ன நடந்தது என்பதை விமான விபத்துகளைத் தொகுக்கும் ஏவியேஷன் சேஃப்டி நெட்வொர்க் தளத்தில் தேதியோடு பாருங்கள்.

‘சரக்கு விமானம்’ என்று வந்தால் மனசு நிறையும். ஜன்னல்களை அடைத்து, பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டி, இன்னும் பல வருஷம் ஓட்டுவார்கள்.

கடற்படையில் அரக்கோணம் ராஜாளி தளத்தில் டியூ-142 என்ற கடல் கண்காணிப்பு விமானத்தில் பணிபுரிந்தவர்கள் இணையத்தில் அலைய வேண்டாம். அந்த விமானங்களுக்கு 2017 மார்ச் 29 அன்று விடைகொடுத்தார்கள். அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்தில், ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையோரம் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறியே பார்க்கலாம்.