பழைய ஏர் பிஸ்டலின் ட்ரிகரில் கைவைக்கும் முன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டு பீரோவில் ஒரு வெப்லி கம்பெனி ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தால் சின்னக் குண்டைச் சுடும் கைத்துப்பாக்கி, இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, அந்த பீரோவுக்குள்ளும் தண்ணீர் போனது. அப்புறம் ட்ரிகரை இழுத்தால் இறுக்கம், விட்டால் திரும்பி வராது. "உள்ளே தேய்ந்துபோச்சு" என்ற ஒருவரிடம் கொடுத்தோம். அவர் உள்ளே இருக்கும் சியர் என்ற கொக்கியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். ட்ரிகர் வழவழவென்று ஆனது. ஒரு வாரம் கழித்து, குண்டு போட்டு மேசையில் வைத்த பிஸ்டல் யாரும் தொடாமலே சுட்டது. சுவரில் ஓட்டை இன்னும் இருக்கிறது.

சுடும்வரை அழுத்தி வைத்த ஸ்பிரிங்கின் முழு வேகத்தையும் தடுத்து நிற்பது அந்தச் சின்னக் கொக்கிதான். அதன் விளிம்பும் சாய்வும்தான் பாதுகாப்பே. பழைய ட்ரிகர் பாகங்கள் பலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்தியது, உள்ளே மிருதுவான இரும்பு. தோலை உரித்துவிட்டால் மிச்சம் கிடுகிடுவென்று தேயும். சியரைத் தேய்க்கவே கூடாது என்பது என் கட்சி.

உண்மையில் எங்கள் பிஸ்டலில் தேய்மானமே இல்லை. யாரோ எப்போதோ விட்ட தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழி இரவில் ட்ரிகர் ஏன் இன்னும் இறுகியது என்பது பிறகுதான் புரிந்தது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். டபிள்யூடி-40 துருவை இளக்க நல்லது, ஆனால் அதையே எண்ணெயாக நம்பி விட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று பிஸ்டலின் உடம்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. சுடும்போது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்த, சூடு ஏறும். உள்ளே தங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் டீசல் இன்ஜின் போலப் பற்றி, சீலையும் ஸ்பிரிங்கையும் பாழாக்கும். கழற்றிய ட்ரிகர் பாகங்களை மட்டும் தனிக் கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

சரி, கழற்றுவது. ஸ்பிரிங் அழுத்தப்பட்டு நிற்கும்போது சியரைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டினால், அடைபட்ட வேகம் உங்கள் விரல் மேல் இறங்கும். முதலில் உள்ளே குண்டு இருக்கிறதா, ஸ்பிரிங் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தப்பட்டிருந்தால் குண்டு போட்டே மணல் மூட்டைக்குள் சுட்டு இறக்குங்கள். குண்டில்லாமல் சுட்டால் தடுக்கும் காற்று போதாமல் பிஸ்டன் நேரே போய் மோதும்.

பின்னை ஆணியால் தட்டாதீர்கள், ஓட்டை வாய் அகன்றுவிடும். அதே அளவு பித்தளைப் பஞ்ச் வேண்டும். சில பின்கள் ஒரு பக்கமாக மட்டுமே வெளிவரும், எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். காடியில் முழுதாக உட்காராத ஸ்குரூடிரைவர் திருகின் தலையைக் கடித்துவிடும். துருப்பிடித்த திருகோடு மல்லுக்கட்டாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள்.

சின்ன ஸ்பிரிங்குகள் பறக்கும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டு வேலை செய்தால் கட்டிலுக்கடியில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்த ஸ்பிரிங்குக்குப் பதில் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போடும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

இத்தனையும் 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத, உரிமம் தேவைப்படாத ஏர் பிஸ்டலுக்குத்தான். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தா விட்டுப்போன ரிவால்வர் என்றால் கதையே வேறு. அதை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் உண்டு, அப்படிப்பட்டவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். கடற்காற்று ஈரத்தைத் தோல் பிடித்துவைத்து இரும்புக்குக் கொடுக்கும். ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். பெரியப்பா இப்போது அதைத்தான் செய்கிறார், சியர் போன பிஸ்டலுக்கும்.