பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: எங்கே தொடங்குவது?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் முதன்முதலாக நிகழ்ச்சி நடத்திய மறுநாள் காலை, வழக்கம்போல் நடக்கப் போனேன். பெருக்கும் அக்கா வேலிச் செடிக்குள் கையை விட்டு, சுண்டல் தின்ற தொன்னைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். "நேத்து நல்லா நடந்துச்சாம்மா?" என்று கேட்டார். குத்திக் கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு நடக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அதனால், உங்கள் பேட்டைப் பூங்காவில் ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினால், நோட்டீஸ் அடிக்கும் முன், கவுன்சிலரைப் பார்க்கும் முன், அங்கே தினமும் வேலை செய்கிறவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும், எந்தப் பாத்தியில் புல் புதிதாகப் பதித்திருக்கிறது, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழல் பிரமாதம் என்று நாங்கள் ஜமக்காளம் விரித்தோம். "காய் உதிர்ற நேரம்மா, வேணாம்" என்று தோட்டக்காரர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் காயின் பிசுக்கு ஜமக்காளத்தை விட்டுப் போக மூன்று துவையல் ஆயிற்று. இரவல் ஜமக்காளம் வேறு.

அடுத்தது அனுமதி. பூங்கா மாநகராட்சியின் நேரடிப் பராமரிப்பிலா, ஒப்பந்தக்காரரிடமா, ஏதாவது நிறுவனம் தத்தெடுத்திருக்கிறதா என்று வார்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், எத்தனை பேர், மைக் உண்டா, குப்பையை யார் எடுத்துப்போவது என்று எழுதுங்கள். கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் முகமே மாறும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மைக் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குத் தனி எழுத்து அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான் வரம்பு. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலை சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடிக் கேட்டிருக்கிறேன். காக்கைச் சத்தத்துக்கு நடுவே கேட்டது; கேட்க வேண்டும் என்பதால் ஜனங்களும் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். முப்பது பேருக்குத் தொண்டை போதும்.

என்ன நடத்துவது? பெரிதாக யோசிக்காதீர்கள். எங்களுக்குக் கைகொடுத்தது பல்லாங்குழியும் தாயமும். பாட்டிகள் வீட்டிலிருந்து பலகையும் சோழியும் எடுத்துவந்தார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டதைவிடப் பாட்டிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது அதிகம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, அந்த மாதத்தில் விதைப் பரிமாற்றம் வைத்தோம். கத்தரி, வெண்டை, அவரை விதைகளைப் பழைய காலண்டர் தாளில் மடித்து, பெயர் எழுதி ஒரு மேஜையில் பரப்பினோம். ஒரு பொட்டலம் வைத்தால் ஒரு பொட்டலம் எடுக்கலாம். செலவு மேஜைக்கான ஆட்டோ மட்டும்.

மரக்கன்று நடுவதாக இருந்தால் ஜூன் 5 அன்று நடாதீர்கள். சுற்றுச்சூழல் தினப் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். சென்னை வெயிலில் கன்றுக்கு நன்றாக இருக்காது. நமக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஐப்பசியில் இரண்டு மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகு நட்டால், முதல் இரண்டு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாட்ஸப் குழுவில் நாற்பது பேர். "உதவிக்கு வாருங்கள்" என்று போட்டால் இருபது கட்டைவிரல் வரும், ஞாயிறு காலை மூன்று பேர் வருவார்கள். நான் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவள். ஒருவழியாக அந்தப் பழைய புத்தி வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "சார், ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை தண்ணீர் கேன் பக்கத்தில் நிற்க முடியுமா?" இப்படி வேலையும் நேரமும் அளந்து கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். எல்லா வேலையையும் இரண்டு மணி நேரத்துக்குள் வையுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை மார்ச் மாதத்தில் கேட்காதீர்கள், அம்மாக்களும் வரமாட்டார்கள்.

சாப்பாடு கொடுத்தால் குப்பை உண்டு. பேப்பர் கப் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைதான். ஆளுக்கொரு டம்ளர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். மறந்தவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் பத்து, கழுவ ஒரு பக்கெட். சுண்டலுக்கு மந்தார இலை. தின்ற இலை பூங்காவின் உரக்குழிக்கே போயிற்று. நாலடிக்கு மூன்றடிக் குழி, சருகு ஓர் அடுக்கு, கரைத்த சாணம் ஒரு தெளிப்பு, மேலே கொஞ்சம் மண். மாதத்துக்கு இரண்டு முறை கிளறிவிட்டால் போதும்.

எல்லாரும் கிளம்பிய பிறகு நிற்பதற்கென்று நான்கு பேரை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். துடைப்பம் இரண்டு, கோணி மூன்று. வேலிச் செடிக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள்.

போன மாதம் அடுத்த நிகழ்ச்சிக்கான தேதியை அக்காவிடம் சொன்னேன். "அன்னிக்கு எனக்கு லீவும்மா, அடுத்த வாரம் வையுங்க. என் பேத்தியையும் கூட்டியாறேன்" என்றார். அடுத்த வாரமே வைத்தோம்.