கடலில் கோடு போடுவதற்கு முன்

கடல் காப்பகம், அதாவது மீன் பிடிக்காமல் மூடி வைக்கும் கடல் பகுதி, அமைக்கும் கூட்டம் என்றாலே முதலில் வரைபடத்தை விரிப்பார்கள். நான் அதைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிடுவேன். முதலில் எழுதவேண்டியது பெயர்கள்: அந்த இடத்தை மூடினால் மறுநாள் காலையில் யாருக்குப் பிழைப்பு போகும்? எஞ்சின் படகுக்காரர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடித்துக்கொள்வார். நீர் வற்றும்போது நடந்துபோய்ச் சிப்பி பொறுக்கும் பெண்கள் எங்கே போவார்கள்? நான் போன முதல் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கரையை ஒட்டியே கோடு போட்டோம். இரண்டே மாதத்தில் எல்லை மிதவைகளைக் காணோம். அறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று.

சரி, எவ்வளவு மூடுவது? பவளப்பாறையை விட்டு நகராத மீன்களுக்குச் சிறிய இடமே போதும். பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் 1982இல் மூடியது, சுற்றியுள்ள பவளப்பாறையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். சூரை மாதிரி ஓடித் திரியும் மீனுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. பிடிக்கும் அளவைத்தான் கட்டுப்படுத்தவேண்டும்.

எல்லை, படகில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். குன்று, கலங்கரை விளக்கம் என்று கரை அடையாளங்களை வைத்துச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் எண்கள் அரசாணைக்கு இருக்கட்டும்.

கடினமானது காத்திருப்பு. மெக்சிகோவின் காபோ புல்மோ 1995இல் தேசியப் பூங்கா ஆனது. 1999இலிருந்து 2009க்குள் அங்கே மீன்களின் மொத்த எடை 460 சதவீதத்துக்கு மேல் கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அத்தனை வருஷம் வீட்டை யார் நடத்துவது? ஈட்டுத்தொகை யாருக்கு, எத்தனை வருஷம் என்பதை மூடுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். கூடவே இன்னொன்று: மீன் பெருகி வெளியே வரும்போது கோட்டோரத்தில் வலையோடு முதலில் நிற்பது வெளியூர்ப் பெரிய படகுதான். அந்த ஓரம் இடம் இழந்தவர்களுக்கே என்று விதியில் இருக்கவேண்டும்.

மீறுபவரை எடுத்த எடுப்பிலேயே சிறைக்கு அனுப்பாதீர்கள். முதலில் எச்சரிக்கை, அப்புறம் அபராதம், பிறகு உரிமம் ரத்து. பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைத்த அமைப்புகளில் கண்டது இப்படிப் படிப்படியாக ஏறும் தண்டனையைத்தான்.

நடுவில் ஒருநாள் 'கொஞ்ச காலம் திறந்துவிடுவோமே' என்று பேச்சு வரும். பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவில் மூடி வைத்திருந்த பகுதியின் காவல் 1984இல் குலைந்து, அங்கேயும் மீன் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிடிக்க இடம் கூடியும், 18 மாதங்களில் தீவின் மொத்த மீன்பாடு ஏறத்தாழப் பாதியானது. அந்தக் கூட்டத்துக்கு இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். சிப்பி பொறுக்குபவர்களுக்கும் சொல்லியனுப்புங்கள், நீர் வற்றாத நேரமாகப் பார்த்து.