முதல் ஹாஃப் மாரத்தான்: ஸ்டேட்டஸுக்காக ஓடாதீர்கள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், பாலக்காட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் புது நம்பர்கள் சேர ஆரம்பித்துவிடும். டிசம்பரில் கோவை மாரத்தான், அதில் ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடிவிட வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் வருஷா வருஷம் ஆட்கள்தான் மாறுகிறார்கள், அடிக்கிற கூத்து மாறுவதில்லை. அதில் பாதி நானும் ஆரம்பத்தில் அடித்த கூத்துதான், அந்த உரிமையில் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

போட்டியன்று புது ஷூ போடாதே, முந்தின நாள் சரியாகத் தூங்கு, கால் நகத்தை வெட்டு என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தினமும் பந்தயம் ஓடுவது

இதுதான் பெரிய தவறு. எத்தனை வருஷமானாலும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

நடப்பது இதுதான். காலை ஆறரை மணிக்கு ஓட்டம் முடிந்ததும் குழுவில் ஸ்ட்ராவா படங்கள் (ஓடிய தூரத்தையும் வேகத்தையும் காட்டுகிற ஆப்பின் படங்கள்) வந்து விழும். ஒருவர் கிலோமீட்டருக்கு 5:50 (5 நிமிஷம் 50 விநாடி), அடுத்தவர் 5:42, அதற்குக் கீழே தீப்பிடிக்கும் பொம்மைகள், கைதட்டல்கள். நடுவில் ஒரு பாவப்பட்ட ஆள் ஒழுங்காக 7:50-இல் ஓடிவிட்டுப் படம் போடுவார். உடனே ஒருத்தன், "என்னங்ணா, இன்னிக்கு வாக்கிங்கா?" என்று கேட்பான். கேட்கிறவன் விளையாட்டுக்குத்தான் கேட்கிறான். ஆனால் அந்த மனுஷன் மறுநாள் 6:40-இல் ஓடுவார், அதற்கு மறுநாள் 6:25, வாரக் கடைசியில் லாங் ரன் என்கிற நீண்ட தூர ஓட்டத்தையும் அதே வேகத்தில் ஓடி முடித்து நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பார். குழுவில் மட்டும் "செம ஃபார்ம்ங்ணா" என்று பாராட்டு மழை.

கணக்கைப் பாருங்கள். 2 மணி 20 நிமிஷத்தில் ஹாஃப் மாரத்தானை முடிக்க நினைக்கிற ஒருவருக்குப் போட்டியன்று தேவைப்படும் வேகமே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6:38தான். அவர் செவ்வாய்க்கிழமை காலையில், ஆபீஸ் போவதற்கு முன்னால், 6:25-இல் எதற்கு ஓட வேண்டும்? சாதாரண நாளில் அவருக்கு ஏழரை, எட்டு நிமிஷம் தாராளமாகப் போதும். கென்ய வீரர் எலியூட் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானை 2:01:09-இல் முடித்தார். அது கிலோமீட்டருக்கு 2:52. அவரே லேசான நாட்களில் 4 நிமிஷத்துக்கும் மேலே எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறார். உச்ச வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சீலர் என்ற விளையாட்டு அறிவியலாளர் சொன்னதும் இதையேதான்: அவர்கள் பயிற்சியில் கிட்டத்தட்ட 80 சதவீதம் லேசான ஓட்டம். நம்ம ஆட்கள் மட்டும் ஏழு நாளும் முறுக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும், அதனால் "முடியுதே, இன்னும் வேகமாகப் போகலாமே" என்று தோன்றும். ஆனால் தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். எலும்பு, பாரம் விழுந்த இடத்தை முதலில் கொஞ்சம் அரித்துவிட்டு அப்புறம்தான் கெட்டியாகக் கட்டும். அந்த இடைவெளியில் அது பழைய பலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் வேகத்தைக் கூட்டுகிறோம்.

குழுவில் ஒரு தம்பி, கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதுகிறவன். நல்ல கால், நல்ல உழைப்பு. தினமும் ஓட்டம், தினமும் படம், படத்துக்கு மேலே எத்தனையாவது நாள் என்று ஒரு எண். அக்டோபரில் ஒரு நாள் காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஓட ஆரம்பிச்சா வலி போயிடுதுங்ணா, அப்புறம் நடக்கிறப்பதான் வலிக்குது" என்றான். சாக்ஸை இறக்கச் சொல்லி, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் வந்ததும் டீ கிளாஸ் சிந்தும்படி காலை வெடுக்கென்று இழுத்தான். எலும்பு நீளத்துக்கு உளைந்தால் அது ஓரளவு சமாளிக்கிற சமாச்சாரம், சில வாரம் குறைத்து ஓடினால் அடங்கிவிடும். ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் குத்தினால் ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். சொன்னேன். மண்டையை ஆட்டினான். மறுநாள் காலையும் படம் வந்தது, எண் ஒன்று கூடியிருந்தது.

முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாது. அதை நம்பி இன்னும் ஓடினான். கடைசியில் எம்ஆர்ஐயில் எலும்பில் விரிசல். டிசம்பரில் நாங்கள் கோவையில் ஓடினபோது அவன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், கட்டின பதிவுக் கட்டணமும் போச்சு. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. தினமும் அந்தப் படத்துக்குத் தீப்பிடிக்கும் பொம்மை போட்டோமே, அந்தக் கூட்டத்தின் மேல்தான் கோபம்.

லேசான ஓட்டம் எது என்று கண்டுபிடிக்க வாட்ச்கூட வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று வீட்டில் என்ன குழம்பு, யார் வைத்தது, ஏன் உப்பு கூடிப்போச்சு என்று முழுசாகச் சொல்லி முடிக்க முடிகிறதா? அதுதான் வேகம். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், வேகமாக ஓடிக்கொள்ளலாம். படம் போட்டே தீர வேண்டும் என்றால் ஸ்ட்ராவாவில் வேகத்தை மட்டும் மறைத்து வைக்க வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, ஓடுகிறபோது பார்த்த மயிலையோ, கள்ளுக் கேன் ஏற்றிக்கொண்டு பறக்கிற ஜீப்பையோ போட்டோ எடுத்துப் போடுங்கள். யாரும் வாக்கிங்கா என்று கேட்க மாட்டார்கள்.

காத்து கொடுத்த வேகத்தைத் தன் வேகம் என்று நினைப்பது

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை புரியாது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம், மேற்கிலிருந்து அடிக்கிற பருவக்காத்து முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். ஆடி, ஆவணியில் எல்லையோரக் கோபாலபுரத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் ஓடிப் பாருங்கள், முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். புதுசாக வருகிறவர்கள் அந்த வேகத்தைப் பார்த்து மயங்கி எட்டு கிலோமீட்டர் போய்விடுவார்கள். திரும்பும்போது முகத்தில் மண்ணும் தென்னஞ்சருகும் அடிக்கும், பாதி வழியில் பஸ் பிடிப்பார்கள்.

மேற்கே பார்த்துக் கிளம்புங்கள், திரும்பும்போது காத்து உங்களை வீட்டில் கொண்டுவந்து விடும். கார்த்திகை பிறந்து விருச்சிகக் காத்து ஆரம்பித்தால் அது கிழக்கிலிருந்து அடிக்கும், அப்போது திசையை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு காலத்திலும் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு இத்தனை நிமிஷம் என்று ஓடுவது உத்தமம்.

விட்டுப்போனதைச் சேர்த்து ஓடுவது

முகூர்த்த மாசத்தில் ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். போன ஞாயிறு 12 கிலோமீட்டர் விட்டுப்போச்சு, அதனால் இந்த ஞாயிறு 14, புதன்கிழமை 12 என்று சிலர் திட்டம் போடுவார்கள். இது கடன் பாக்கி இல்லை, யாரும் வட்டி கேட்க மாட்டார்கள். விட்டது விட்டதுதான், அடுத்ததிலிருந்து ஓடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள்.

இளநீரை மட்டும் நம்புவது

நம்ம ஊரில் இளநீருக்குப் பஞ்சமில்லை, அதனால் ஓட்டம் முடிந்ததும் இரண்டு வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாளில் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸோ மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது இன்னும் மோசம், ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

எப்போதும் ரோட்டின் ஒரே ஓரம்

ஓரம் சரிவாக இருக்கும். முட்டியின் வெளிப்பக்கம் வலித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நாய்

துரத்தினால் நில்லுங்கள். வேகம் போனால் போகட்டும்.

பயிற்சியிலேயே 21 ஓடிப் பார்ப்பது

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "எதுக்கும் ஒரு தடவை முழுசா ஓடிப் பார்த்துடலாம்ங்ணா" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். முதல் தடவை ஓடுகிறவருக்கு 16 அல்லது 18 கிலோமீட்டர் லாங் ரன் போதும், அதையும் போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். மிச்ச மூன்று, ஐந்து கிலோமீட்டரை ரோட்டோரம் கைதட்டுகிற கூட்டமும் பந்தயச் சூடும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடைசி வாரம்

ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள், கால் துறுதுறு என்று இருக்கும், இருக்கட்டும். முந்தின ராத்திரி சோறும் ரசமும் போதும். கள்ளுக்கடை மீன்கறியைப் போட்டி முடிந்து வந்து சாப்பிடலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.