பாயிங்க் மென்பொருளில் எந்தப் பணி முதலில் ஓட வேண்டும்?

பாயிங்க் (BOINC) என்பது நம் கணினியின் மிச்ச நேரத்தில் அறிவியல் ஆய்வுத் திட்டங்களின் கணக்குப் பணிகளை ஓட்டும் மென்பொருள். அதை நிறுவி இரண்டு ஆய்வுத் திட்டங்களில் சேர்ந்த பலருக்கும் வரும் சந்தேகம் இது: ஒரு திட்டத்தின் பணிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, மற்றதன் பணிகள் ஏன் காத்துக் கிடக்கின்றன? பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. மென்பொருள் தன் கணக்குப்படி நடக்கிறது. அந்தக் கணக்கை நமக்கேற்ப மாற்றலாம்.

முதலில் பங்கைத் தீர்மானியுங்கள். ‘ரிசோர்ஸ் ஷேர்’ என்ற எண் எல்லாத் திட்டங்களுக்கும் தொடக்கத்தில் 100. இது சதவீதம் அல்ல, விகிதம். ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற திட்டத்துக்கு 200, ரொசெட்டா அட் ஹோம் என்ற திட்டத்துக்கு 100 என்று வைத்தால் முன்னதற்கு மூன்றில் இரண்டு பங்கு. 2, 1 என்று வைத்தாலும் அதேதான். இந்த எண்ணை மேனேஜரில் (நம் கணினியில் திறக்கும் பாயிங்க் சாளரத்தில்) தேடி அலைய வேண்டாம். திட்டத்தின் இணையதளத்தில், உங்கள் கணக்கின் விருப்பங்களில் மாற்றிவிட்டு, மேனேஜரில் ‘அப்டேட்’ பொத்தானை அழுத்துங்கள். பங்கை 0 ஆக்கினால் திட்டம் நின்றுவிடாது. மற்றவற்றிடம் பணி இல்லாதபோது மட்டும் அதனிடம் பணி கேட்கப்படும்.

விகிதம் ஒரே நாளில் சரியாகிவிடாது. அண்மையில் யாருக்கு எவ்வளவு உழைத்தோம் என்பதை வைத்தே மென்பொருள் ஈடுகட்டுகிறது. எனவே சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள்.

பங்கையும் மீறுவது கெடு. ஒரு பணி முடிய இன்னும் 20 மணி நேரம் வேண்டும், கெடுவோ மூன்று நாள் என்று வையுங்கள். கணினி தினமும் 8 மணி நேரம் ஓடினால் கைவசம் 24 மணி நேரம்தான். முறைவைத்து ஓட்டினால் கெடு தவறும் என்று கண்டால் பாயிங்க் அதை வரிசையின் முன்னால் தள்ளிவிடும். மற்றத் திட்டத்துக்குக் குறைந்த நேரம் பிறகு ஈடாகும்.

இந்த நெருக்கடியைப் பலர் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். மேனேஜரின் ‘கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்’ பகுதியில், கையிருப்பாக எத்தனை நாள் வேலையை வைத்திருப்பது என்று இரண்டு கட்டங்கள் உண்டு. 0.1, 0.5 போன்ற சிறிய எண்களே போதும். 10 நாள் வேலையை வாங்கிக் குவித்தால் பங்கு விகிதம் பேச்சளவில் நிற்கும். கெடுதான் ஆட்சி செய்யும்.

அதே பகுதியில் ‘லீவ் நான்-ஜிபியு டாஸ்க்ஸ் இன் மெமரி’ (வரைகலைச் செயலியில் ஓடாத பணிகளை நினைவகத்திலேயே விட்டுவை) என்பதைக் குறியிடுங்கள். இல்லையென்றால் இடைநிறுத்தப்படும் பணி, கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின்வாங்கித் தொடரும். கணினி சூடானால் சிபியு (மையச் செயலி) நேரத்தைக் குறைக்காமல், பயன்படுத்தும் சிபியு எண்ணிக்கையைக் குறைப்பது என் பரிந்துரை: நேரத்தைக் குறைத்தால் பணிகள் நின்று நின்று ஓடும்.

இயங்குதள முன்னுரிமையைத் தொடவே வேண்டாம். சிபியு பணிகள் ஏற்கெனவே மிகக் குறைந்த முன்னுரிமையில், மிச்சமாகும் நேரத்தில்தான் ஓடுகின்றன. உயர்த்தினால் உலாவி திணறும். ஆய்வுக்குப் பெரிய லாபம் இல்லை.

ஒரு பணியை அவசரமாக முடிக்க மற்றவற்றை ‘சஸ்பெண்ட்’ செய்யலாம். ஆனால் வேலை முடிந்ததும் ‘ரெஸ்யூம்’ அழுத்த மறக்காதீர்கள்: கையால் நிறுத்திய பணி கிடக்கும்வரை அந்தத் திட்டத்திடம் பாயிங்க் புதுப் பணி கேட்காது.