108 வருவதற்குள்: மூச்சு, நாடி, பி.பி. பார்ப்பது எப்படி?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் கவிழ்த்து வைத்த மீன் கூடை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் சோடா வாங்க ஓடினார், இன்னொருத்தர் முகத்தில் தண்ணீர் அடித்தார், நாலு பேர் சுற்றி நின்று விசிறினார்கள், ஆனால் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று யாருமே பார்க்கவில்லை. நான் கேஷுவாலிட்டியில் நர்ஸ், அன்றைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். “அண்ணா, என்ன பண்ணுது?” என்றதற்கு, “ஒண்ணும் இல்லம்மா… கேஸு… தான்” என்றார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 28. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு 28 என்றால் சோடாவுக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே 108.

அன்றைக்கு நான் செய்ததை நீங்களும் செய்யலாம், மெஷின் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அடிபட்டுக் கிடப்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் இரண்டாவது நோயாளி நீங்கள்தான். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் விழுந்து கிடந்தால் கரன்ட் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

அடுத்தது, தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பேர் சொல்கிறாரா, கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறாரா, கிள்ளினால்தான் அசைகிறாரா, எதற்குமே அசையவில்லையா? இந்த நாலில் எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அசைவே இல்லை, மூச்சும் இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பது போல எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் என்றால், அது மூச்சே கிடையாது. பல்ஸ் தேடி நேரத்தை வீணாக்காமல் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மார்பின் நடுவே இரண்டு கையாலும் அழுத்துங்கள், 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

அவர் பேசுகிறார் என்றால், இப்போது மூச்சு. எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், முதலில் மாறுவதும் பெரும்பாலும் இதுதான். “மூச்சை எண்ணப் போறேன்” என்று சொன்னால் அவரை அறியாமலே மூச்சு மாறிவிடும். அதனால் மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பார்ப்பது போல வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அவர் நெஞ்சில் அல்லது வயிற்றில் வையுங்கள். ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் சேர்ந்து ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், பாதியில் நிறுத்திப் பெருக்கினால் தப்பு வரும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 சரி. 25-ஐத் தாண்டினாலோ 8-க்குக் கீழே போனாலோ ஆபத்து. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: சளி, இருமலோடு இருக்கும் ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்கு (பிறந்து 2 மாதம் தாண்டியிருந்தால்) 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே உட்காராதீர்கள், கிளம்புங்கள்.

நாடி பார்க்கக் கட்டைவிரல் வேண்டாம், அதன் துடிப்பே உங்களைக் குழப்பும். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மெதுவாக வையுங்கள். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், துடிப்பு விட்டு விட்டு வந்தால் முழு நிமிடம். 60 முதல் 100 சரி. பிடித்த கை ஜில்லென்று வியர்த்திருக்கிறதா என்பதும் முக்கியம். காசிமேட்டில் அந்த அண்ணாவின் உள்ளங்கை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்தது போல இருந்தது.

பி.பி. மெஷின் கைவசம் இருந்தால் அதன் பட்டையை (கஃப்) சட்டைக்கு மேலே சுற்றாதீர்கள், முழங்கைக்கு மேலே வெறும் கையில், இதயத்தின் உயரத்தில் கை இருக்கும்படி சுற்றுங்கள். குண்டான கைக்குச் சின்ன கஃப் போட்டால் இல்லாத உயர் பி.பி.யைக் காட்டும். மேல் எண் 90-க்குக் கீழே என்றால் அவசரம். ஆனால் 120/80 வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் கசியும்போது உடம்பு பல்ஸைக் கூட்டி, பி.பி.யைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், பிறகுதான் சரியும். நான் கேஷுவாலிட்டியில் பயப்படுவது இந்த “நார்மல்” பி.பி.க்குத்தான்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 95-க்கு மேல் காட்டினால் நல்லது. நெயில் பாலிஷ், குளிர்ந்த விரல் இரண்டுமே தப்பாகக் காட்ட வைக்கும், விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். மூடிய அறையில் புகைக்குள் மாட்டியவருக்கு 99 காட்டினாலும் நம்பாதீர்கள், கார்பன் மோனாக்சைடு அந்த மெஷினை ஏமாற்றிவிடும்.

சூட்டில் இரண்டு விஷயம் போதும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். மே மாத வெயிலில் வேலை செய்தவர் 104 சூட்டோடு உளறுகிறார் என்றால் நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். சர்க்கரைக்காரர் தடுமாறினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சோடாவும்தான்.

வலிப்பு வந்தால் சாவியைக் கையில் திணிக்க வேண்டாம், தலை இடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். அன்றைக்கு ஏலச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்: “5.40 – மூச்சு 28, பல்ஸ் 116, கை ஜில், பேசுகிறார்.” அடுத்த வரி 5.45. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப எண்ண வேண்டும், ஒரு எண்ணை விட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். அந்தச் சீட்டை 108-இல் வந்தவரிடம் கொடுத்தேன், படித்துக்கொண்டே ஆக்ஸிஜன் மாட்டினார்.

இதற்கிடையில் ஒரு பையனைத் தெருமுனைக்கு அனுப்பி வையுங்கள், நம் சந்துகளுக்குள் வண்டி வழி தேடித் தடுமாறக் கூடாது. நோயாளி வழக்கமாகப் போடுகிற மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு ஏற்றிவிடுங்கள்.